கையால் செய்யும் காட்டுக் கத்தி: 125 மி.மீ. அலகு, 4 மி.மீ. முதுகு, வரைபடம் குறித்த கருத்துகள் தேவை

தீட்டுக்கல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் தோட்டத்துச் சில்லறை வேலைகளுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய ஒரு கத்தியைக் கையால் செய்வதற்காக வரைபடம் போட்டு முடித்திருக்கிறேன். எஃகுப் பட்டையை அறுப்பதற்கு முன் இங்குள்ளவர்களின் கருத்தைக் கேட்டுவிட வேண்டும் என்பதால், அளவுகளை அவற்றின் காரணங்களோடு எழுதுகிறேன்.

மொத்த நீளம் 240 மி.மீ.; அதில் அலகு 125, பிடி 115. அலகின் அகலம் 32 மி.மீ., முதுகின் கனம் 4 மி.மீ. காம்பு, அதாவது அலகின் எஃகு பிடிக்குள் நீளும் பகுதி, பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஓடும். அதன் இருபுறமும் பிடித்தகடுகளைப் பசையிட்டு ஒட்டி, பித்தளை ஆணிகளால் இறுக்குவேன். முதுகுக்கோடு முனையை நோக்கி மெல்லத் தாழ்ந்து, அலகின் நடு உயரத்துக்குச் சற்று மேலே முனையோடு சேரும். முனை அப்படிக் கையின் அச்சுக்கு அருகில் இருந்தால்தான் மரத்தில் துளை குடையும்போது கத்தி கையில் திரும்பாமல் நிற்கும். வாயில் (வெட்டும் விளிம்பில்) பிடியை ஒட்டிய பகுதி நேராகவும் முனையை நெருங்கும் பகுதி வளைந்தும் இருக்கும். முன்னது குச்சி சீவவும், பின்னது உணவு நறுக்கவும்.

சரிவு முதுகிலிருந்தே தொடங்கி வாய்வரை ஒரே தட்டையாக இறங்கும். கூர் வைப்பதற்கு முன் வாயின் கனம் 0.5 மி.மீ. இருக்க வேண்டும், அதன்மேல் பக்கத்துக்கு 20 டிகிரி வீதம் கூர் வைப்பேன். எஃகு, கருவிக்கடைகளில் ஓஹெச்என்எஸ் (எண்ணெயில் கடினமாகும், சுருங்காத எஃகு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் கிடைக்கும் பட்டை. கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை.

காட்டில் பயன்படும் கத்தியின் தரத்தை முடிவு செய்பவை வாயின் பின்னால் உள்ள உலோகத்தின் கனமும் எஃகைச் சூடாக்கித் தோய்த்து ஏற்றிய பதமும்தான் என்பது என் கருத்து. அந்த இரண்டும் சரியாக அமையாத கத்திக்கு வேறு எந்தச் சிறப்பு அம்சத்தைச் சேர்த்தாலும் பயனில்லை. இதை ஏற்காதவர்களின் வாதத்தைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

---

மலைத்தடம்

வரைபடம் நன்றாக இருக்கிறது. ஆனால் 4 மி.மீ. முதுகு எனக்குத் தயக்கம் தருகிறது. மழைக்காலத்தில் மேலே கிடக்கும் விறகெல்லாம் நனைந்திருக்கும். காய்ந்த உள்மரத்தை எடுக்க, கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்க வேண்டியிருக்கும். அந்த அடியைத் தாங்குவதற்கு 6 மி.மீ. கனம் வேண்டும் என்பதுதான் பலருடைய எண்ணம். வளையாத தன்மை கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது என்பதைக் கணக்கிட்டால், 6 மி.மீ. பட்டை 4 மி.மீ. பட்டையைப் போல ஏறத்தாழ 3.4 மடங்கு விறைப்பாக இருக்கும். இந்த ஆதாயத்தை ஏன் விட வேண்டும்?

இன்னொன்று, முதுகில் ரம்பப் பற்கள் வைக்கும் எண்ணம் உண்டா? கடையில் விற்கும் பல கத்திகளில் அவை இருக்கின்றன.

---

தீட்டுக்கல்

உங்கள் கணக்கு சரியானதே. அதே கனத்துக்கு வேறு இரண்டு கணக்குகளும் உள்ளன. 240 × 32 × 4 மி.மீ. பட்டையின் எடை, அறுத்துத் தேய்ப்பதற்கு முன் சுமார் 241 கிராம், 6 மி.மீ. என்றால் 362 கிராம் ஆகிவிடும். 32 மி.மீ. உயரத்துக்குள் 4 மி.மீ. கனத்தைச் சரித்தால் இரு பக்கமும் சேர்ந்த சரிவுக் கோணம் ஏறத்தாழ 7 டிகிரி, 6 மி.மீ. கனத்தைச் சரித்தால் 10 டிகிரியைத் தாண்டிவிடும். கத்தி மரத்துக்குள் இறங்க இறங்க, வெட்டுவதற்குச் செலவாக வேண்டிய வலு அந்தக் கூடுதல் கோணத்தை உள்ளே தள்ளுவதற்கே செலவாகிறது. பிளக்கும் வேலையில் அது ஆப்பு போல உதவும் என்பது உண்மை. ஆனால் குச்சி சீவுவது, கயிறு அறுப்பது, காய் நறுக்குவது, நெருப்பு மூட்டச் சிம்பு எடுப்பது என்று மீதி வேலைகள் அனைத்திலும் அது கையைச் சோர்வடையச் செய்யும். சரியாகப் பதமிட்ட 4 மி.மீ. எஃகு, மணிக்கட்டுக் கனமுள்ள கட்டையைப் பிளப்பதற்குத் தாராளமாகப் போதும். அதைவிடப் பெரிய கட்டைக்குக் கோடரியோ கொடுவாளோதான் உரிய கருவி.

அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைக்காடுகளில் வாழ்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகாம் வாழ்வைப் பற்றி விரிவாக எழுதிய ஹொரேஸ் கெப்பார்ட் தமக்கென வைத்திருந்த கத்தியின் அளவுகளைப் பதிவு செய்திருக்கிறார். அலகும் பிடியும் தலா நாலரை அங்குலம், அகலம் ஓரங்குலம், முதுகின் கனம் அரைக்கால் அங்குலம். அதாவது 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். காட்டிலேயே வாழ்ந்த மனிதர் மெல்லிய கத்தியைத் தேர்ந்ததற்குக் காரணம், அவரிடம் கோடரி தனியாக இருந்தது.

ரம்பப் பற்கள் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறேன். அமெரிக்க விமானிகளுக்குக் கொடுக்கப்பட்ட 5 அங்குலக் கத்தியின் முதுகில் பற்கள் இருந்தது, விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியே வருவதற்காக. அந்தப் பற்களுக்கு மரத்தூளை வெளியேற்றும் அமைப்பு இல்லாததால் மரத்தில் ஓரிரு இழுப்புக்குள் அடைத்துக்கொள்கின்றன. முதுகில் கட்டையால் அடிக்கும்போது அவை கட்டையைக் கிழிக்கும்; ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்கும் இடமாகவும் மாறும். முதுகைச் செங்கோணமாக, விளிம்பு மழுங்காமல் விட்டால் அதுவே ஃபெரோ குச்சியில் உரசித் தீப்பொறி எடுக்கவும், பட்டையைச் சுரண்டவும் போதும்.

---

பினாங்குவாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே காட்டுக்குள் போகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது பாராங் என்னும் வெட்டுக்கத்தி. அதன் அலகு நீளமானது, எடை முனைப்பக்கம் கூடுதல், பக்கங்கள் தட்டையாக இல்லாமல் இலேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பினால்தான் ஈர மரத்தில் ஓங்கி வெட்டினாலும் அலகு சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருகிறது. உங்கள் கத்தி ஓங்கி வெட்டுவதற்கானது இல்லை என்பதால் அந்த வடிவத்தை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் பாராங் செய்யும் கொல்லர்கள் அடித்து நீட்டும்போதே முதுகின் கனத்தைப் பிடியிலிருந்து முனை வரை குறைத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் 4 மி.மீ. பட்டையை அப்படியே முனை வரை கொண்டுசெல்வதாகத் தெரிகிறது. பிடியருகே 4 மி.மீ. தொடங்கி, முனைக்கு 20 மி.மீ. முன்பு 2.5 மி.மீ. ஆகும்படி முதுகைத் தேய்த்தால், முனை நன்றாகக் குத்தி இறங்கும். எடையும் கைக்குப் பின்வாங்கும். சமநிலைப் புள்ளி ஆட்காட்டி விரலின் கீழ் வந்துவிட்டால் நாள் முழுதும் சீவினாலும் மணிக்கட்டு வலிக்காது.

இங்கே மழையும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் உண்டு என்பதால் ஓஹெச்என்எஸ் துருப்பிடிக்கும் என்ற கவலையும் எனக்கு உள்ளது. துருப்பிடிக்காத எஃகை ஏன் எடுக்கவில்லை?

---

தீட்டுக்கல்

முதுகைக் குறைத்துக்கொண்டு போகும் யோசனையை நன்றியோடு ஏற்கிறேன், வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.

துருப்பிடிக்காத எஃகுகளைத் தவிர்த்ததற்குக் காரணம் பதமிடும் முறை. குரோமியம் மிகுந்த எஃகுகளை 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல், துல்லியமாகக் கட்டுப்படுத்திய உலையில், காற்றுப் படாமல் சூடாக்க வேண்டும். கருவிக்கடைகளில் எச்சிஎச்சிஆர் என்று கேட்டால் கிடைக்கும் டி2 வகைக்கும் இதே நிலைதான். அந்த வேலையை ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளிடம் கொடுக்கலாம். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் அத்தகைய பட்டறைகள் உள்ளன. ஆனால் கத்தியின் உயிரே பதத்தில் இருக்கும்போது, அந்தக் கட்டத்தை மட்டும் வேறொருவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. ஓஹெச்என்எஸ் எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.9 விழுக்காடு, மாங்கனீசும் சிறிது குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்திருப்பதால் எண்ணெயில் தோய்த்தாலே முழு ஆழத்துக்கும் கடினமாகும். பெயரில் உள்ளபடி அளவு அதிகம் மாறாது, கோணவும் செய்யாது.

துருவைப் பொறுத்தவரை, பயன்படுத்தியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி வைத்தால் போதும். எலுமிச்சையோ வினிகரோ பட்டுப்பட்டு அலகு சாம்பல் நிறம் கொண்டுவிட்டால், அந்தப் படலமும் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். கடலோரத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

உலைமுகம்

எங்கள் குடும்பத்தில் அரிவாளும் மண்வெட்டியும் அடித்த பட்டறை இருந்தது. லாரிப் பட்டையைப் பற்றி யாரும் பேசாமல் இந்த இழை நகர்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நல்ல வெட்டரிவாள்களில் பெரும்பகுதி பழைய ஸ்பிரிங் பட்டைகளிலிருந்துதான் வருகின்றன. அந்த எஃகில் கரிமம் 0.5 முதல் 0.6 விழுக்காடு, சிலிக்கனோ குரோமியமோ கூடுதலாக இருக்கும். ஓஹெச்என்எஸ் அளவுக்குக் கூர் நிற்காது. ஆனால் அடியைத் தாங்குவதில் அது ஒரு படி மேல். கீழே விழுந்தாலும் பாறையில் பட்டாலும் வாய் மடங்குமே தவிர உடையாது. காட்டில் மடங்கிய வாயைக் கல்லில் நிமிர்த்திவிடலாம். பெயர்ந்த வாயை ஒன்றும் செய்ய முடியாது.

பழைய பட்டையை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, அதன்மேல் சாக்குக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியேறித் தூளில் ஒரு கோடாகத் தெரியும். அந்தத் துண்டைக் கத்திக்குப் பயன்படுத்தக் கூடாது.

ரம்பக் கம்பெனிகளின் பழைய பவர் ஹாக்ஸா பிளேடுகளில் கத்தி செய்கிறவர்களும் உண்டு. அந்த எஃகு ஏற்கெனவே பதமிடப்பட்டது. தேய்க்கும்போது சூடேறினாலும் எளிதில் பதம் இழக்காது. சமையலறைக் கத்திக்கு அது மிக நல்லது. முதுகில் கட்டையால் அடிக்கப்போகும் கத்திக்கு வேண்டாம், இரண்டாக உடையும்.

---

புதுக்கை

மூத்தவர்களுக்கு வணக்கம். நான் இதுவரை கத்தி செய்ததில்லை. என்னிடம் ஆங்கிள் கிரைண்டர், பெஞ்ச் வைஸ், சில அரங்கள், ஒரு கை டிரில் ஆகியவை மட்டுமே உள்ளன. பெல்ட் கிரைண்டர் இல்லாமல் முழுத் தட்டைச் சரிவை எடுக்க முடியுமா? வீட்டுப் பின்கட்டில் கரி அடுப்பு வைத்து ஓஹெச்என்எஸ் எஃகுக்குப் பதமேற்ற முடியுமா? படிப்படியாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

தீட்டுக்கல்

அரத்தால் முடியும், பொறுமை மட்டும் வேண்டும். கடையில் வாங்கும் ஓஹெச்என்எஸ் பட்டை மென்மையாக்கப்பட்ட நிலையில்தான் வரும் என்பதால் அரம் நன்றாகவே பிடிக்கும். அட்டையில் வரைந்த வடிவத்தை எஃகில் ஒட்டி, ஆணிமுனையால் கோடு கீறி, கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள். பிறகு வாய்ப்புறத்தில் மை பூசி, வெர்னியர் அளவியின் முனையால் நடுக்கோட்டுக்கு இருபுறமும் அரை மி.மீ. தள்ளி இரண்டு கோடுகள் கீறிக்கொள்ளுங்கள். இரு பக்கச் சரிவும் அந்தக் கோடுகளைத் தொட்டவுடன் நிறுத்த வேண்டும். தோய்ச்சலுக்கு முன் வாய் 1 மி.மீ. கனத்தோடு இருக்கட்டும். அதைவிட மெல்லியதாக்கினால் எண்ணெயில் இறக்கும்போது வாய் அலைபோல் நெளியும், சில சமயம் வெடிக்கும்.

பிடியும் அலகும் சேரும் இடத்தில் கூர்மையான உள்மூலை எங்கும் இருக்கக் கூடாது. வட்ட அரத்தால் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். முழுக்காம்புக் கத்திகள் முறிந்த படங்களைப் பார்த்தால், முறிவு பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

ஆங்கிள் கிரைண்டரில் வட்டுக்கு மேலுள்ள காப்பைக் கழற்றாதீர்கள். முகக்கவசம் இல்லாமல் இயக்காதீர்கள். துளையிடும்போது பட்டையைக் கையால் பிடிக்காமல் வைசில் இறுக்குங்கள்; டிரில் பிடித்துக்கொண்டால் சுழலும் அலகு விரல்களை அறுத்துவிடும்.

நெருப்பைப் பற்றி உலைமுகம் அவர்கள் எழுதுவதே முறையாக இருக்கும்.

---

உலைமுகம்

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஆனால் இந்தப் பகுதியில் சுருக்கினால் கத்தி கெட்டுவிடும்.

சிரட்டைக் கரியோ நல்ல மரக்கரியோ போதும். செங்கல்லால் தொட்டி அமைத்து, அடியில் துளையிட்ட குழாய் வழியே ஊதியால் காற்று செலுத்துங்கள். கரிக்குள் அலகை நேரடியாகச் செருகாமல், ஒருமுனை அடைத்த கனமான இரும்புக் குழாயைக் கரிக்குள் படுக்கவைத்து, அது சிவந்த பிறகு அதற்குள் அலகை வையுங்கள். காற்றின் அடி நேராகப் படாததால் வாய் மட்டும் முந்திக்கொண்டு சூடேறாது. எஃகின் மேற்பரப்பிலிருந்து கரிமம் எரிந்துபோவதும் குறையும்.

வேலையை அந்தி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்பின் தரம் தெரியாது. அலகு மங்கிய சிவப்பிலிருந்து செர்ரிப்பழச் சிவப்புக்கு ஏறும்போது அதன்மேல் கருநிழல் போன்ற திட்டுகள் நகர்வதைக் காணலாம். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது வெப்பத்தை விழுங்குவதால் அந்தப் பகுதி மட்டும் சற்று நேரம் மங்கி நிற்கிறது. நிழல் முனையிலிருந்து பிடியை நோக்கி ஓடி மறைந்து, அலகு முழுவதும் ஒரே நிறமானால் மாற்றம் நடந்துவிட்டது என்று பொருள். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி; இரும்பு 770 டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும். ஓஹெச்என்எஸ் எஃகுக்கு 800 முதல் 820 டிகிரி வேண்டும் என்பதால், காந்தம் விட்ட பிறகும் நிறம் ஒரு சாயல் கூடவேண்டும். அந்த நிறத்திலேயே 10 நிமிடமாவது பிடித்துவைக்க வேண்டும். சாதாரணக் கரிம எஃகுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. இதில் உள்ள டங்ஸ்டனும் குரோமியமும் கரைவதற்கு நேரம் கேட்கின்றன. ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டால் மணி, அதாவது எஃகின் உள்ளே உள்ள படிகத் துகள், பெருத்துவிடும். பெருத்த மணி உள்ள எஃகு எவ்வளவு கடினமானாலும் நொறுங்கும்.

தோய்ச்சலுக்குக் கடலை எண்ணெய் நான்கு ஐந்து லிட்டர், ஆழமான இரும்புப் பாத்திரத்தில். ஒரு இரும்புத் துண்டைச் சூடாக்கி அதில் போட்டு எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அலகைச் சுற்றி ஆவிப்படலம் கலையாமல் நிற்கும், வெப்பம் மெதுவாகவே இறங்கும். முனை கீழாகச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் கலக்கினால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து அலகு கோணும். பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதன் புகை நச்சு. எண்ணெய் தீப்பிடிக்கலாம் என்பதால் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் பக்கத்திலேயே வேண்டாம். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

எண்ணெயிலிருந்து எடுத்ததும் கண்ணருகே பிடித்து முதுகுவழியே பாருங்கள். கோணல் இருந்தால், அலகு இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே கையுறையோடு நிமிர்த்த முடியும். ஆறிய பிறகு நிமிர்த்த முயன்றால் முறிந்துவிடும். ஆறியதும் பழைய அரத்தால் வாயை ஒரு இழுப்பு இழுங்கள். கண்ணாடியில் போவதுபோல் அரம் வழுக்க வேண்டும். முதல் இழுப்பில் சற்றுப் பிடித்தால் கலங்க வேண்டாம். கரிமம் இழந்த மேல்தோல் மெல்லியதாக இருக்கும், அதைத் தாண்டியதும் வழுக்கும்.

---

தீட்டுக்கல்

மிக்க நன்றி. இதற்கு அடுத்த படியைச் சேர்த்துவிடுகிறேன். இந்த நிலையில் அலகு மிகக் கடினமாகவும் மிக நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். கல்தரையில் விழுந்தால் துண்டாகிவிடும். எனவே அன்றே, அலகு வெறுங்கையால் தொடும் அளவுக்கு ஆறியவுடன், அடுப்பில் வைத்துக் கடினத்தைச் சற்று இறக்க வேண்டும். வீட்டு மின்அடுப்பு காட்டும் வெப்பநிலையை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். தட்டில் மணல் பரப்பி அதற்குள் அலகைப் புதைத்தால் அடுப்பின் ஏற்ற இறக்கம் அலகைத் தாக்காது. 220 டிகிரியில் இரண்டு மணி நேரம், முழுவதும் ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓரிடத்தில் வைக்கோல் நிறம் ஏறியிருக்கும். ஊதாவும் நீலமும் வாயில் தெரிந்தால் பதம் இறங்கிவிட்டது.

இதே காரணத்தால் பதமிட்ட பின் வாயை 1 மி.மீ.யிலிருந்து 0.5 மி.மீ.க்குக் கொண்டுவரும் வேலையைக் கையுறை இல்லாமல் செய்கிறேன். விரல் பொறுக்காத சூடு வந்தவுடன் தண்ணீரில் முக்கிவிடலாம். வாய் மெலிய மெலியச் சூடு ஏறும் வேகம் கூடும். கடைசிப் பகுதியை உப்புத்தாளும் மரக்கட்டையும் வைத்துக் கையாலேயே முடிப்பது பாதுகாப்பானது.

---

மலைத்தடம்

4 மி.மீ. குறித்து எனக்கிருந்த தயக்கம் நீங்கியது. பிடிக்கு என்ன பொருள்? தோதகத்தி மரம் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

தீட்டுக்கல்

தோதகத்தி அழகுதான், ஆனால் அது தமிழ்நாட்டில் சட்டப் பாதுகாப்பு பெற்றிருந்த மரம் என்பதால், ஆவணமுள்ள பழைய மரச்சாமானிலிருந்து எடுத்த துண்டாக இருந்தால் ஒழிய நான் தொடமாட்டேன். வைரம் பாய்ந்த புளியும் வாகையும் போதிய வலுவுள்ளவை. நன்றாக உலர்ந்த துண்டாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த பிடி கோடையில் சுருங்கி, காம்பின் விளிம்பு உள்ளங்கையில் உறுத்தத் தொடங்கும்.

இந்தக் கத்திக்கு நான் தேர்ந்திருப்பது ஹைலம் ஷீட். துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்தத்தில் செய்த அந்தத் தகடு, மின்பொருள் கடைகளில் கிடைக்கும். மழையில் ஊதாது, வெயிலில் சுருங்காது, ஈரமான கையில் வழுக்கலும் குறைவு. துணி அடுக்குள்ளதையே கேட்டு வாங்குங்கள். காகித அடுக்குள்ளது விளிம்பில் பெயரும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. நல்ல முகமூடியோடு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் அரால்டைட். காம்பையும் தகடுகளின் உட்புறத்தையும் முரட்டு உப்புத்தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, கை படாமல் ஒட்ட வேண்டும். இடுக்கியை மிதமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி, இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. பிடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்கக் கூடாது. வாய்ப்புறம் சற்று ஒடுங்கிய முட்டை வடிவம் என்றால் இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் என்பதைக் கையே சொல்லிவிடும். விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டாதீர்கள். அவை ஒரே பிடிமானத்துக்கு மட்டும் பொருந்தும். கத்தியைத் திருப்பிப் பிடிக்கும்போது மேடுகள் உள்ளங்கையைக் கொப்பளிக்க வைக்கும்.

---

நெறிகாவலன்

செய்முறையோடு சட்டத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்தியாவின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைத்தவை தவிர, ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. இந்தக் கத்தி அந்த அளவுகளுக்கு மிகவும் உட்பட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் வரையறைக்குள் கத்தியும் வருகிறது. அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, எழுத்துபூர்வ முன்அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். முதுமலையோ ஆனைமலையோ, வனத்துறையின் மலையேற்றப் பாதைகளில் செல்கிறவர்கள் கத்தியைப் பையில் வைக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

---

புதுக்கை

உறையைப் பற்றியும், முடிந்த கத்தியைச் சோதிப்பது பற்றியும் சொல்ல வேண்டுகிறேன்.

---

தீட்டுக்கல்

உறைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 3 மி.மீ. மாட்டுத்தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் எஃகைத் துருப்பிடிக்கவைக்கலாம். தையலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு தோல் பட்டையைச் சேர்த்துத் தையுங்கள். இல்லாவிட்டால் கத்தி ஒருநாள் நூலை அறுத்துக்கொண்டு வெளியே வரும். வீட்டில் இருக்கும்போது கத்தியை உறைக்குள் வைத்திருக்க வேண்டாம். தோல் ஈரம் இழுக்கும்.

சோதனைக்குப் பித்தளைக் கம்பி ஒன்று போதும். 6 மி.மீ. கம்பியை வைசில் படுக்கவைத்து, கூர் வைத்த வாயை 15, 20 டிகிரி சாய்வில் அதன்மேல் அழுத்தி, விளக்கொளி எதிரே படும்படி பாருங்கள். அழுத்தும் இடத்தில் வாய் இலேசாகப் புடைப்பது ஒளியில் தெரியும். கத்தியை நகர்த்தியதும் அந்தப் புடைப்பு மறைந்து வாய் பழையபடி நேரானால் பதம் சரி. மடங்கியபடியே நின்றால் பதம் குறைவு. மீண்டும் சூடேற்றித் தோய்க்க வேண்டும். துணுக்காகப் பெயர்ந்தால் கடினம் அதிகம். அடுப்பில் 10, 15 டிகிரி கூட்டி இன்னொரு முறை வைத்துவிட்டு, வாயைப் புதிதாகத் தேய்த்து மறுபடி சோதியுங்கள். அதன்பின் காய்ந்த வேல முடிச்சில் ஆழமாகச் சீவிப் பார்த்து, கைத்தடிக் கனமுள்ள கட்டையை முதுகில் அடித்துப் பிளந்து பார்த்து, வாயை விரல்நகத்தில் மெல்ல இழுத்தால் எங்காவது தட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

வரைபடத்தில் நான் செய்த மாற்றங்கள்: முதுகு 4 மி.மீ.யிலிருந்து முனையருகே 2.5 மி.மீ. வரை குறைகிறது, பிடியின் கடைசியில் கயிறு கோக்க 6 மி.மீ. துளை ஒன்று, எடை குறைக்கக் காம்பின் நடுவே மூன்று துளைகள்.

---

உலைமுகம்

அந்த மூன்று துளைகளைக் காம்பின் பின்பாதியில் மட்டும் வையுங்கள். அலகிலிருந்து பிடிக்குள் நுழையும் முதல் 30 மி.மீ. பகுதியில்தான் அடியின் சுமை முழுவதும் இறங்குகிறது. அங்கே ஓர் ஆணித்துளை தவிர வேறெதுவும் வேண்டாம். எல்லாத் துளைகளையும் தோய்ச்சலுக்கு முன்பே போட்டு, விளிம்புகளைப் பெரிய டிரில் முனையால் இலேசாகச் சரித்துவிடுங்கள். ஆணித்துளையை ஆணியைவிட 0.2 மி.மீ. பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள், பதமிட்ட பிறகு அதைப் பெரிதாக்கக் கார்பைடு டிரில்தான் வேண்டியிருக்கும்.